வருமானத்தை இரட்டிப்பாக்குவதாகச் சொன்ன அரசு எதை விலைக்கு வாங்கியது? ஜப்பான், 1955–1965

கீழைக்காற்று (இழையைத் தொடங்கியவர்)

போருக்குப் பிந்தைய ஜப்பானைப் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே தடத்தில் செல்கின்றன: அணுகுண்டு விழுந்தது, மக்கள் ஓயாமல் உழைத்தார்கள், இருபது ஆண்டுகளில் புல்லட் ரயில் ஓடியது. உழைப்பைப் பற்றி எனக்குக் கேள்வி இல்லை. ஆனால் இந்தக் கதையில் கட்சி இல்லை, தேர்தல் இல்லை, சண்டை இல்லை. அதாவது அரசியலே இல்லை. 1955 முதல் 1965 வரையிலான அந்தப் பத்தாண்டின் நடுவே, 1960-ல், அந்த நாடு தன் வரலாற்றிலேயே மிகப் பெரிய மக்கள் போராட்டத்தைக் கண்டது என்பது பலருக்குத் தெரியாமலே போய்விட்டது.

காலவரிசையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1955 அக்டோபரில் பிளவுபட்டிருந்த சோஷலிஸ்ட் கட்சி ஒன்றானது. அதைக் கண்டு அஞ்சிய தொழிலதிபர்கள் நெருக்க, நவம்பரில் இரண்டு பழமைவாதக் கட்சிகள் இணைந்து லிபரல் ஜனநாயகக் கட்சி பிறந்தது. 1956-ன் பொருளாதார வெள்ளை அறிக்கை, போருக்குப் பிந்தைய காலம் முடிந்துவிட்டது என்று அறிவித்தது. அடுத்த ஆண்டு பிரதமரானவர் கிஷி நொபுசுகே. இவர் போர்க்காலப் பிரதமர் தோஜோவின் அமைச்சரவையில் இருந்தவர். முதல்தரப் போர்க்குற்றச் சந்தேகத்தின் பேரில் சுகாமோ சிறையில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் அடைபட்டு, விசாரணை ஏதுமின்றி 1948 டிசம்பரில் வெளியே வந்தவர்.

அமெரிக்காவுடனான பாதுகாப்பு ஒப்பந்தத்தைத் திருத்திப் புதுப்பிப்பதைக் கிஷி தம் வாழ்நாள் சாதனையாகக் கருதினார். 1960 மே 19 இரவு, நாடாளுமன்றத்தில் வழிமறித்து அமர்ந்திருந்த சோஷலிஸ்ட் உறுப்பினர்களைச் சுமார் 500 காவலர்களைக் கொண்டு தூக்கி வெளியேற்றிவிட்டு, எதிர்க்கட்சி வரிசைகள் காலியாகக் கிடக்க, நள்ளிரவுக்குச் சற்றுப் பின் ஒப்பந்தத்தை நிறைவேற்றினார். அதுவரை ஒப்பந்தத்தின் உட்கூறுகளில் அக்கறை காட்டாதவர்கள்கூட அந்த இரவுக்குப் பிறகு தெருவுக்கு வந்தார்கள். ஜூன் 10-ல் ஹனெடா விமான நிலையத்துக்கு வெளியே அமெரிக்க அதிபரின் செய்தித் தொடர்பாளரின் காரைக் கூட்டம் சூழ்ந்துகொள்ள, அவரை ஹெலிகாப்டரில் மீட்க வேண்டியதாயிற்று. ஜூன் 15-ல் நாடாளுமன்ற வளாகத்தில் நடந்த மோதலில் டோக்கியோ பல்கலைக்கழக மாணவி கன்பா மிச்சிகோ உயிரிழந்தார். அதிபர் ஐசனோவரின் ஜப்பான் வருகை ரத்தானது. இவ்வளவுக்கும் பிறகு, ஜூன் 19 அதிகாலை பன்னிரண்டு மணிக்கு, மேலவை வாக்களிக்காவிட்டாலும் முப்பது நாட்களில் ஒப்புதல் ஆகிவிடும் என்ற விதிப்படி, ஒப்பந்தம் தானாகவே உறுதியாகிவிட்டது. நான்கு நாட்களில் கிஷி பதவி விலகல் அறிவித்தார்.

அடுத்து வந்த இகெடா ஹயாட்டோ, கிஷியின் கனவான அரசியல் சட்டத் திருத்தத்தைப் பரணில் ஏற்றிவிட்டு, "பொறுமையும் சகிப்பும்" என்ற முழக்கத்தோடு பத்தாண்டுகளில் தேசிய வருமானத்தை இரட்டிப்பாக்குவேன் என்றார். ஐந்தே மாதங்களில் நடந்த பொதுத்தேர்தலில், 467 இடங்களில் 296 அவருடைய கட்சிக்குக் கிடைத்தன. ஜூன் மாதத்தில் நாடாளுமன்றத்தை முற்றுகையிட்ட நகரங்கள் நவம்பரில் இப்படி வாக்களித்தன.

என் கருத்து இதுதான்: வருமான இரட்டிப்பு என்பது பொருளாதாரத் திட்டமாக எழுதப்பட்ட அரசியல் உடன்படிக்கை. 1960-ன் கோபத்தை அரசு பணம் கொடுத்து வாங்கியது. யாரிடமிருந்து, என்ன விலைக்கு என்பதை இங்கே பேசலாம். மாறுபடுபவர்கள் தாராளமாக மாறுபடுங்கள்.


ஆற்றுமணல்

கீழைக்காற்று அவர்களின் வரலாற்றுக் குறிப்பு தெளிவாக உள்ளது. முடிவுதான் சற்று அவசரமானது. வளர்ச்சி இகெடாவோடு தொடங்கவில்லை. 1950-ல் கொரியப் போர் வெடித்தபோது அமெரிக்க ராணுவம் ஜப்பானியத் தொழிற்சாலைகளில் கொட்டிய கொள்முதல் ஆணைகளே, திவாலாகும் நிலையில் இருந்த டொயோட்டா போன்ற நிறுவனங்களைத் தூக்கி நிறுத்தின. ஐம்பதுகளின் நடுவிலேயே பொருளாதாரம் போருக்கு முந்தைய அளவைத் தாண்டியிருந்தது. இகெடாவின் ஆலோசகர் ஷிமொமுரா ஒசாமு செய்ததெல்லாம், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த குதிரை இன்னும் வேகமாக ஓடும் என்று மற்ற பொருளியலாளர்களைவிடத் துணிந்து கணித்ததுதான். 1960 டிசம்பர் 27-ல் அமைச்சரவை ஏற்ற திட்டம் ஆண்டுக்குச் சராசரியாக 7.2 விழுக்காடு வளர்ச்சியை எதிர்பார்த்தது; நடந்ததோ பத்து விழுக்காட்டுக்கும் மேல். இரட்டிப்புக்கு ஏழு ஆண்டுகள்கூட ஆகவில்லை.

தொழிற்சங்கங்களும் இதற்கு முன்பே திசை மாறத் தொடங்கிவிட்டன. 1955-ல் எட்டுச் சங்கங்கள் சேர்ந்து, ஆண்டுதோறும் வசந்த காலத்தில் ஒரே சமயத்தில் ஊதிய உயர்வு கேட்கும் முறையைத் தொடங்கின. அது ஒவ்வோர் ஆண்டும் பெரிதாகிக்கொண்டே போனது. உற்பத்தியின் கட்டுப்பாடு யாரிடம் என்ற பழைய கேள்வி, இந்த ஆண்டு எத்தனை யென் என்ற கேள்வியாக மாறியதில் தொழிலாளர்களின் விருப்பமும் இருந்தது. அவர்களை ஏமாந்தவர்களாகக் காட்டுவது நியாயமில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிற்போக்கின் உருவமாகக் கருதப்பட்ட அதே கிஷியின் ஆட்சியில்தான் தேசிய உடல்நலக் காப்பீட்டுச் சட்டமும் (1958), குறைந்தபட்ச ஊதியச் சட்டமும், தேசிய ஓய்வூதியச் சட்டமும் (1959) வந்தன. 1961 ஏப்ரலில் எல்லோருக்கும் மருத்துவக் காப்பீடு என்ற நிலை எட்டப்பட்டது. இதை விலைக்கு வாங்குதல் என்று சொன்னால், ஜனநாயகத்தில் அரசுகள் செய்யும் எதையுமே அப்படித்தான் சொல்ல வேண்டியிருக்கும்.


பனைமரம்

ஆற்றுமணல் சங்கங்கள் தாமாகத் திசை மாறின என்கிறார். ஒரு சங்கம் மாற மறுத்தபோது என்ன ஆனது என்பதையும் பார்க்க வேண்டும் அல்லவா?

தெற்குத் தீவான கியூஷுவில், ஓமுட்டா நகரில் மிட்சுயி நிறுவனத்தின் மீகே நிலக்கரிச் சுரங்கம் இருந்தது. அதன் சங்கம் நாட்டிலேயே வலுவானதாக மதிக்கப்பட்டது. சுரங்கத்துக்குள் யார் எந்த முகப்பில் வேலை செய்வது, பாதுகாப்பு போதாத இடத்தில் இறங்குவதா வேண்டாமா என்பதிலெல்லாம் அதற்குச் சொல் இருந்தது. எரிபொருள் நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாறிக்கொண்டிருந்த வேளையில், 1959 டிசம்பரில் நிறுவனம் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பெயர் குறித்து நீக்கியது. அந்தப் பட்டியலில் சங்கத்தின் முன்னணியாளர்கள் குறிவைத்துச் சேர்க்கப்பட்டிருந்தார்கள். 1960 ஜனவரியில் கதவடைப்பு, பதிலுக்கு வேலைநிறுத்தம். மார்ச்சில் நிறுவனத்துக்கு இணக்கமான இரண்டாவது சங்கம் முளைத்தது. அதே மாத இறுதியில் மறியலில் நின்ற குபோ கியோஷி என்ற தொழிலாளி அடியாள் ஒருவனால் குத்திக் கொல்லப்பட்டார்.

இங்கே கவனிக்க வேண்டியது நாள்காட்டி. ஜூலை நடுவில், வெட்டிய நிலக்கரியைச் சேர்த்து வைக்கும் தொட்டிக் கட்டடத்தைச் சுற்றிச் சுமார் 20,000 மறியல்காரர்களும், எதிரே சுமார் 10,000 காவலர்களும் அணிவகுத்து நின்றார்கள். நீதிமன்ற ஆணையை நிறைவேற்றப் போலீஸ் எந்த நேரமும் பாயலாம் என்ற நிலை. இகெடாவின் அமைச்சரவை பதவியேற்றது ஜூலை 19-ல். புதிய அரசு செய்த முதல் வேலைகளில் ஒன்று, மோதலைத் தடுத்து இரு தரப்பையும் மத்தியத் தொழிலாளர் ஆணையத்தின் சமரசத்துக்கு ஒப்புக்கொள்ளச் செய்தது. பொறுமையும் சகிப்பும்! ஆகஸ்டில் வந்த சமரச முடிவு, சாரத்தில், நீக்கங்களை ஏற்றுக்கொண்டது. நவம்பர் முதல் நாள் வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது.

1963 நவம்பர் 9 அன்று அதே மீகேயின் மிக்காவா சுரங்கத்தில் நிலக்கரித் தூள் வெடித்தது. 458 பேர் மாண்டார்கள். 800-க்கும் மேற்பட்டோர் கார்பன் மோனாக்சைடு நச்சால் பாதிக்கப்பட்டு, பலர் மூளை பழுதாகி வாழ்நாள் முழுவதும் நோயாளிகளாக இருந்தார்கள். பாதுகாப்பு பற்றிக் கேள்வி கேட்கும் உரிமையைச் சங்கம் இழந்து மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. விபத்துக்கு அது மட்டுமே காரணம் என்று நான் வாதிடவில்லை. ஆனால் படிந்த தூளைக் கூட்டித் தள்ளும் ஆட்களைக் குறைத்தது யார், அதைத் தட்டிக்கேட்கும் நிலையில் யாரும் ஏன் இல்லை என்ற கேள்விகளை, வசந்த கால ஊதிய உயர்வின் கணக்கு மறைத்துவிடக் கூடாது.


முல்லைக்கொடி

இதுவரை பேசிய மூவரும் கட்சி, சங்கம், காவல்துறை என்ற மூன்றுக்குள்ளேயே அரசியலைத் தேடுகிறீர்கள். அதனால்தான் 1960-க்குப் பின் எல்லாம் அடங்கிவிட்டதாகத் தோன்றுகிறது.

அந்தப் பத்தாண்டில் வீடு எப்படி மாறியது என்று பாருங்கள். 1955-ல் நிறுவப்பட்ட வீட்டுவசதிக் கழகம் நகர விளிம்புகளில் கான்கிரீட் அடுக்குமாடிக் குடியிருப்புகளைக் கட்டியது. குலுக்கல் முறையில்தான் வீடு கிடைக்கும். பல முறை விண்ணப்பித்தும் கிடைக்காதவர்கள் ஏராளம். உள்ளே இரண்டு சிறு அறைகள், சமையலும் சாப்பாடும் ஒரே இடத்தில், துருப்பிடிக்காத எஃகுத் தொட்டி, உள்ளிருந்து பூட்டிக்கொள்ளக்கூடிய இரும்புக் கதவு. மாமியாரோடு ஒரே கூரையின் கீழ், மண் தரைச் சமையலறையில் குனிந்து நின்ற பெண்ணுக்கு அந்தத் தொட்டியும் கதவும் எத்தனை பெரியவை என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தொலைக்காட்சி, சலவை இயந்திரம், குளிர்பதனப் பெட்டி ஆகிய மூன்றையும் அரச பரம்பரையின் மூன்று புனிதச் சின்னங்களோடு ஒப்பிட்டுக் கேலியும் ஆசையுமாகப் பேசினார்கள். 1959 ஏப்ரலில் பட்டத்து இளவரசர் அகிஹித்தோ, மாவு ஆலை அதிபரின் மகளான மிச்சிகோவை மணந்ததைப் பார்ப்பதற்காகவே பலர் தொலைக்காட்சி வாங்கினார்கள்; அந்த மாதம் 20 லட்சத்தை எட்டிய தொலைக்காட்சி உரிமங்கள், 1962-ல் ஒரு கோடியைத் தொட்டன.

இப்படிப்பட்ட வீடுகளில் இருந்த பெண்கள் அரசியலைக் கைவிட்டார்கள் என்று சொல்வதற்கில்லை. 1954-ல் பிகினி தீவருகே அமெரிக்க ஹைட்ரஜன் குண்டுச் சோதனையில் ஜப்பானிய மீன்பிடிப் படகு ஒன்று கதிர்வீச்சுக்கு ஆளானபோது, டோக்கியோவின் சுகினாமி பகுதிக் குடும்பப் பெண்கள் வீடு வீடாகச் சென்று தொடங்கிய கையெழுத்து இயக்கம், அடுத்த ஆண்டுக்குள் மூன்று கோடிக் கையெழுத்துகளைத் தாண்டியது.

இதைவிட எனக்குப் பிடித்த சான்று போலியோ. 1960-ல் வடக்குத் தீவான ஹொக்கைடோவில் தொடங்கிய போலியோ பரவலில் நாடு முழுவதும் 5,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். வாய்வழிச் சொட்டு மருந்து சோவியத் ஒன்றியத்தில் ஏராளமாக இருந்தது. உள்நாட்டுப் பரிசோதனை முடியாமல் அனுமதிக்க முடியாது என்றது அரசு; மருந்து எந்த நாட்டிலிருந்து வர வேண்டியிருந்தது என்பது பனிப்போர்க் காலத்தில் யாரும் மறந்துவிடக்கூடிய விஷயமும் அல்ல. தாய்மார்கள் குழந்தைகளை இடுப்பில் சுமந்துகொண்டு சுகாதார அமைச்சகத்துக்குள் நுழைந்தார்கள். 1961 ஜூனில், சட்ட நடைமுறைகளைத் தள்ளிவைத்து, பொறுப்பைத் தாமே ஏற்பதாக அறிவித்து, சோவியத் ஒன்றியத்திலிருந்தும் கனடாவிலிருந்தும் 1 கோடியே 30 லட்சம் பேருக்கான மருந்தை இறக்குமதி செய்ய அமைச்சர் ஃபுருயி யோஷிமி முடிவெடுத்தார். மூன்றே ஆண்டுகளில் நோயாளிகளின் எண்ணிக்கை நூறுக்கும் கீழே போனது.

ஒப்பந்தத்தை எதிர்த்து லட்சக்கணக்கானோர் தோற்ற அடுத்த ஆண்டே, தாய்மார்கள் அதே அரசிடமிருந்து இதைச் சாதித்தார்கள். கோபம் விற்கப்பட்டுவிட்டது என்றால் இது எங்கிருந்து வந்தது?


திண்ணைவாசி

எல்லோரும் டோக்கியோவையே சுற்றி வருகிறீர்கள். அந்தக் கட்சி 1955-லிருந்து 1993 வரை தொடர்ந்து ஆட்சியில் இருந்தது என்றால் அதற்கு வாக்களித்தவர்கள் கிராமங்களில்தானே இருந்திருக்க வேண்டும்? கிராமங்களோ காலியாகிக்கொண்டிருந்தன. காலியாகும் இடத்தின் வாக்குகளைக் கொண்டு எப்படி ஆள முடிந்தது? தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.


ஆற்றுமணல்

திண்ணைவாசியின் கேள்வி சின்னது போலத் தெரிந்தாலும் இழையின் மையமே அதுதான் என்று நினைக்கிறேன். இரண்டு பற்சக்கரங்கள் இருந்தன.

முதலாவது, நெல். 1942-ல் போருக்காகக் கொண்டுவரப்பட்ட உணவுக் கட்டுப்பாட்டுச் சட்டம் போருக்குப் பிறகும் நீடித்தது. அரிசியைக் கொள்முதல் செய்வது அரசுதான். 1960-லிருந்து கொள்முதல் விலையைக் கணக்கிடும்போது விவசாயக் குடும்பத்தின் உழைப்பை நகரத் தொழிற்சாலைக் கூலியின் அளவில் மதிப்பிட்டார்கள். ஆகவே வசந்த காலத்தில் தொழிற்சங்கங்கள் ஊதிய உயர்வு பெற்றால், கோடையில் நெல் விலையும் உயரும். ஆண்டுதோறும் விலை நிர்ணயிக்கும் நாட்களில் விவசாயக் கூட்டுறவுச் சங்கங்கள் டோக்கியோவில் கூடிக் குரல் எழுப்பும். ஆளுங்கட்சியின் கிராமத்து உறுப்பினர்கள் தம் சொந்த அரசையே எதிர்த்து வாதாடி, இன்னும் சில யென் கூட்டிக்கொண்டு ஊர் திரும்புவார்கள். அரசு அதிக விலைக்கு வாங்கிக் குறைந்த விலைக்கு விற்று, நட்டத்தை வரிப்பணத்தில் ஈடுகட்டியது. அந்த வரிப்பணமோ நகரத்தின் வளர்ச்சியிலிருந்து வந்தது. நெல் கொள்முதல் விலை அரசியலை அறிந்த தமிழ் வாசகர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. அறுபதுகளின் இறுதியில் அரிசி மலையாய்க் குவிந்து, 1970-ல் சாகுபடிப் பரப்பைக் குறைக்கச் சொல்லி விவசாயிகளுக்குப் பணம் கொடுக்க வேண்டிய நிலை வந்தது.

இரண்டாவது, தொகுதிக் கணக்கு. மக்களவைத் தொகுதிகள் போர் முடிந்த சமயத்து மக்கள்தொகையைக் கொண்டு வரையப்பட்டவை. அப்போது குண்டுவீச்சில் அழிந்த நகரங்களை விட்டு மக்கள் கிராமங்களில் தஞ்சம் புகுந்திருந்தார்கள். பிறகு அவர்கள் நகரங்களுக்குத் திரும்பினார்கள். கிராமத்துப் பிள்ளைகளும் பின்தொடர்ந்தார்கள். இடங்களோ கிராமத்திலேயே தங்கிவிட்டன. 1955-ல் உழைக்கும் மக்களில் சுமார் 41 விழுக்காட்டினர் விவசாயம், மீன்பிடிப்பு போன்ற முதல்நிலைத் தொழில்களில் இருந்தார்கள். 1965-ல் அது 25 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிட்டது. ஆனால் 1964-ல் நகரங்களுக்கு 19 இடங்கள் கூட்டப்பட்டதோடு திருத்தம் நின்றது.

ஊரை விட்டுப் போன பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐம்பதுகளின் நடுவிலிருந்து ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில், நடுநிலைப் பள்ளி முடித்த பதினைந்து வயதுப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, அவொமோரி போன்ற வடக்கு மாவட்டங்களிலிருந்து டோக்கியோவின் உவெனோ நிலையத்துக்குச் சிறப்பு ரயில்கள் வந்தன. முதலாளிகளின் ஆட்கள் பெயர்ப்பலகையோடு நடைமேடையில் காத்திருப்பார்கள். தங்க முட்டைகள் என்று பத்திரிகைகள் அவர்களைக் கொஞ்சின. போய்ச் சேர்ந்த இடமோ பெரும்பாலும் சிறு பட்டறையும் மளிகைக் கடையும் பின்னலாடைக் கூடமும். அங்கே தொழிற்சங்கம் கிடையாது; ஆகவே சோஷலிஸ்ட் கட்சி அவர்களை எட்டவில்லை. ஊரின் கூட்டுறவுச் சங்கமும் இல்லை. ஆகவே ஆளுங்கட்சியும் எட்டவில்லை. இந்த இடைவெளியில் வளர்ந்தது சோகா கக்காய் என்ற பௌத்த இயக்கம். வாரந்தோறும் ஒருவர் வீட்டில் கூடி, வேலை, நோய், கடன் என்று மனம்விட்டுப் பேசும் இடத்தை அது தந்தது. 1964-ல் அதிலிருந்து கொமெய்த்தோ கட்சி பிறந்து, 1967 பொதுத்தேர்தலில் முதல் முயற்சியிலேயே 25 இடங்களைப் பிடித்தது. வளர்ச்சி உருவாக்கிய தனிமையை முதலில் அமைப்பாகத் திரட்டியவர்கள் இடதுசாரிகளோ வலதுசாரிகளோ அல்லர் என்பதை இங்கே குறித்து வைக்க விரும்புகிறேன்.


பனைமரம்

கணக்கிலேயே வராதவர்களையும் சேர்த்துவிடுகிறேன், சுருக்கமாக.

1952 ஏப்ரலில் ஜப்பான் இறையாண்மையைத் திரும்பப் பெற்ற அதே நாளில், பேரரசின் குடிமக்களாகக் கொண்டுவரப்பட்டு அங்கேயே வாழ்ந்த கொரியர்கள் ஜப்பானியக் குடியுரிமையை இழந்தார்கள். ஆற்றுமணல் பெருமையோடு குறிப்பிட்ட 1959-ன் ஓய்வூதியச் சட்டத்தில் குடியுரிமை நிபந்தனை இருந்தது. அது நீங்கியது 1982-ல்தான். அதே 1959 டிசம்பரில் நீகாட்டா துறைமுகத்திலிருந்து வட கொரியாவுக்கு முதல் கப்பல் புறப்பட்டது. மொத்தத்தில் 90,000-க்கும் மேற்பட்டோர் அப்படிப் போனார்கள். அரசும் எதிர்க்கட்சிகளும் பத்திரிகைகளும் சேர்ந்து கையசைத்து வழியனுப்பிய அபூர்வ நிகழ்ச்சி அது.

ஜப்பானின் தெற்கே உள்ள தீவான ஒக்கினாவா 1972 மே வரை அமெரிக்க நிர்வாகத்தில் இருந்தது. 1958 முதல் அங்கே டாலர்தான் செலாவணி. பெருநிலத்துக்கு வரக் கடவுச்சீட்டு போன்ற ஆவணம் தேவை. பெருநிலத்தில் மக்கள் எதிர்ப்பால் அமெரிக்கத் தளங்கள் சுருங்கச் சுருங்க, படைகள் ஒக்கினாவாவின் வயல்களுக்கு நகர்ந்தன. 1960 நவம்பரில் அந்தத் தீவு மக்களுக்கு வாக்கே இல்லை. உடன்படிக்கை என்று கீழைக்காற்று சொல்வாரானால், அதில் கையெழுத்திட அழைக்கப்படாதவர்கள் இவர்கள்.


கீழைக்காற்று

எல்லோருக்கும் நன்றி. முல்லைக்கொடியின் போலியோ சான்று என் வாதத்துக்கு எதிரானதாக முதலில் தோன்றியது. யோசித்துப் பார்த்தால், எந்தக் கோரிக்கையை அந்த அரசால் கொடுக்க முடியும், எதைக் கொடுக்க முடியாது என்ற எல்லைக்கோட்டை அது காட்டித் தருகிறது. மருந்தை இறக்குமதி செய்தால் எந்தத் தொழிலும் நிற்கப் போவதில்லை. தொழில் நிற்கும் என்ற நிலை வந்தபோது என்ன நடந்தது என்பதற்கு மினமாட்டா இருக்கிறது.

கியூஷுவின் மேற்குக் கரையில் உள்ள அந்த நகரில் சிஸ்ஸோ நிறுவனத்தின் இரசாயனத் தொழிற்சாலை இருந்தது. அங்கே தயாரான அசிட்டால்டிஹைடிலிருந்து ஆக்டனால், ஆக்டனாலிலிருந்து பிளாஸ்டிக்கை மிருதுவாக்கும் பொருள்: முல்லைக்கொடி விவரித்த புதிய வீடுகளின் வினைல் விரிப்பும் திரைச்சீலையும் குழாயும் இந்தச் சங்கிலியின் மறுமுனை. கழிவுநீரோடு பாதரசம் வளைகுடாவில் கலந்தது. 1956 மே முதல் நாள், தொழிற்சாலையின் சொந்த மருத்துவமனையின் தலைவர் ஹோசோகவா ஹஜிமே, காரணம் தெரியாத நரம்பு நோய் பரவுவதாகச் சுகாதார நிலையத்துக்குத் தெரிவித்தார். 1959 ஜூலையில் குமமோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கரிமப் பாதரசமே காரணம் என்றார்கள். அக்டோபரில் ஹோசோகவா, தொழிற்சாலைக் கழிவுநீரைக் கலந்த உணவு தின்ற ஒரு பூனைக்கு அதே நோய் வந்ததைக் கண்டார். ஆய்வேட்டில் அது 400-வது எண். நிறுவனம் அந்த முடிவை வெளியே விடவில்லை.

நவம்பரில் மீனவர்கள் தொழிற்சாலைக்குள் புகுந்து உடைத்தார்கள். அதே மாதத்தில் நகரத்தந்தையும் வணிகர் சங்கமும் தொழிற்சங்கமும் உட்பட ஊரின் அமைப்புகள் ஆளுநரிடம் சென்று, கழிவுநீரை நிறுத்த வேண்டாம், நிறுத்தினால் ஊரே அழியும் என்று முறையிட்டன. டிசம்பர் 30-ல், வாசலில் குளிரில் அமர்ந்திருந்த நோயாளிக் குடும்பங்கள் ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டார்கள்: இறந்தவருக்கு 3,00,000 யென் அனுதாபத் தொகை, பிற்காலத்தில் நோய்க்குக் காரணம் தொழிற்சாலைதான் என்று நிரூபணமானாலும் மேற்கொண்டு எதுவும் கேட்பதில்லை. பூனைச் சோதனையின் முடிவு மேசை இழுப்பறையில் இருக்க, நிறுவனம் இந்த வாசகத்தை எழுதிக்கொண்டது. 1968 செப்டம்பரில்தான் அரசு காரணத்தை ஒப்புக்கொண்டது. அதற்கு நான்கு மாதங்களுக்கு முன்பே, காலாவதியாகிப்போன அந்த உற்பத்தி முறையை நிறுவனம் தானாகவே நிறுத்தியிருந்தது. 1973-ல் குமமோட்டோ நீதிமன்றம் அந்த ஒப்பந்தத்தைச் செல்லாது என்றது.

வாங்குதல் என்ற என் சொல்லை ஆற்றுமணல் மிகை என்றார். இந்த ஒப்பந்தத்துக்கு வேறு என்ன பெயர் வைப்பது?


முல்லைக்கொடி

மினமாட்டாவைப் பற்றி மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதோடு நிறுத்தினால் பத்தாண்டின் பின்பாதி விடுபட்டுப்போகும்.

1963 இறுதியில் ஷிசுவோகா மாவட்டத்தின் மிஷிமா, நுமாசு நகரங்களும் ஷிமிசு என்ற சிற்றூரும் அடங்கிய பகுதியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, பெட்ரோ இரசாயன ஆலை, அனல்மின் நிலையம் மூன்றும் வரப்போவதாக அறிவித்தார்கள். மக்கள் பேருந்து பிடித்து, அத்தகைய வளாகம் ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்த யொக்கைச்சி நகருக்குப் போய், ஆஸ்துமா நோயாளிகளோடு பேசி, படம் எடுத்து, ஒலிநாடாவில் பதிவுசெய்து வந்து, தெருத்தெருவாகக் கூட்டம் போட்டுக் காட்டினார்கள். மிஷிமாவில் இருந்த தேசிய மரபியல் ஆய்வுநிலைய அறிவியலாளர்கள் ஊர் சார்பில் ஆய்வு செய்தார்கள். 1964 மே மாதத்தில், ஆண் குழந்தைகளுக்காக வீட்டு வாசலில் பறக்கவிடும் கெண்டைமீன் கொடிகள் எந்தப் பக்கம் வீசுகின்றன என்பதை நுமாசு தொழிற்பள்ளி மாணவர்கள் ஊர் முழுவதும் குறித்துவந்து, புகை எங்கே போய்ச் சேரும் என்று காற்றின் வரைபடம் தயாரித்தார்கள். அரசு அனுப்பிய நிபுணர் குழு, பாதிப்பு இராது என்றது. அதன் தரவுகளை உள்ளூர் ஆசிரியர்கள் நேருக்கு நேர் கேள்வி கேட்டார்கள். செப்டம்பரில் 25,000 பேர் நுமாசுவில் திரண்டார்கள். திட்டம் கைவிடப்பட்டது.

இதைச் செய்தவர்களின் கல்வியும் ஓய்வு நேரமும் பேருந்துக் கட்டணமும் அந்தப் பத்தாண்டு தந்தவை. உயர்நிலைப் பள்ளிக்குச் சென்றவர்கள் 1955-ல் பாதிப் பேர். 1965-ல் பத்தில் ஏழு பேர். செழிப்பு அரசியலை அணைத்தது என்பது பாதி உண்மைதான்.


ஆற்றுமணல்

நுமாசுவையும் மினமாட்டாவையும் அருகருகே வைத்தால் எனக்குத் தெரிவது காலத்தின் வேறுபாடு. மினமாட்டாவில் தொழிற்சாலை 1908-லிருந்து இருந்தது. ஊரின் வேலையும் வரியும் கடைகளும் அதோடு பின்னிப்போயிருந்தன. பாதிக்கப்பட்ட மீனவர்கள் ஊரிலேயே ஏழைகள். நுமாசுவில் ஆலை இன்னும் வரவில்லை. எதிர்த்தவர்களிடம் நிலமும் மீன்பிடி உரிமையும் நீர்வளமும் இருந்தன. விற்க மறுக்கும் ஆற்றல் அவர்களுக்கு இருந்தது. ஆகவே, கீழைக்காற்று அவர்களே, அரசு யாரை வாங்கியது என்று கேட்பதைவிட, யாரால் விற்காமல் இருக்க முடிந்தது என்று கேட்டால் இந்தப் பத்தாண்டின் வரைபடம் தெளிவாகும். மீகே தொழிலாளர்களால் முடியவில்லை, ஏனெனில் நிலக்கரியே சந்தையை இழந்துகொண்டிருந்தது. நெல் விவசாயிகளால் முடிந்தது, ஏனெனில் தொகுதிகள் அவர்களிடம் இருந்தன.


கீழைக்காற்று

அந்தக் கேள்வி என்னுடையதைவிடக் கூர்மையானது, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் தொகுதிகள் இல்லாதவர்களின் கதை 1964-ல் நிற்கவில்லை. 1963-ல் யொகொஹாமாவிலும் 1967-ல் டோக்கியோவிலும் இடதுசாரி ஆதரவு பெற்றவர்கள் ஆட்சிக்கு வந்தார்கள். டோக்கியோ ஆளுநர் மினொபே மாசுக் கட்டுப்பாட்டில் மத்திய அரசைவிடக் கடுமையான விதிகளைக் கொண்டுவந்தார். தன் நகர வாக்குகள் கரைவதைக் கண்ட ஆளுங்கட்சி, 1970 இறுதியில் கூட்டிய நாடாளுமன்றத் தொடரில் 14 மாசுக் கட்டுப்பாட்டுச் சட்டங்களை ஒரே மூச்சில் நிறைவேற்றியது. அவற்றில் ஒன்று, பழைய மாசுக் கட்டுப்பாட்டு அடிப்படைச் சட்டத்தில் இருந்த, சுற்றுச்சூழல் பாதுகாப்பு பொருளாதார வளர்ச்சியோடு இசைந்து போக வேண்டும் என்ற வாசகத்தை நீக்கியது. அப்போது பிரதமராக இருந்தவர் சாட்டோ எய்சாகு. கிஷியின் உடன்பிறந்த தம்பி. எதிர்க்கட்சிகள் பல ஆண்டுகளாகக் கேட்டுவந்த சட்டங்களை ஆளுங்கட்சியே நிறைவேற்றிவிட்டது. இதை மக்களின் வெற்றி என்பார் முல்லைக்கொடி, கட்சியின் சாமர்த்தியம் என்பேன் நான். அந்த 14 சட்டங்களுக்குள் போய் வாதாட வேண்டுமானால், எழுபதுகளுக்குத் தனி இழை தொடங்குவதே முறை.